‘கேட்டட்’ என்று எழுதியிருக்கிறது, எழுதியது யார்? சுங்கை சிப்புட்டில் வீடு தேடுகிறவர்களுக்குத் தகவல் தருபவர்கள் பற்றிய மதிப்பீடு

தோட்டத்து மரங்களைச் சாய்த்துத் தாமான் (வீடமைப்புப் பகுதி) கட்டுவது பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் பல காலமாக நடப்பதுதான். இப்போது வீடு தேடுகிறவர்கள் காதில் அடிக்கடி விழும் சொல் ‘கேட்டட் அண்ட் கார்டட்’, அதாவது வேலியும் காவலும் உள்ள தாமான். அந்தச் சொல்லை நம்பி 35 வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். அதைச் சொன்னவர் யார், அது பொய்யாகிப் போனால் அவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறவர்கள் குறைவு. ஆகவே தாமான்களை விட்டுவிட்டு, தாமான்களைப் பற்றி நமக்குத் தகவல் தருபவர்களை இங்கே மதிப்பிடுகிறோம்: விளம்பரத் தாள், விற்பனையாளர், அரசாங்க முகப்புகள் (கவுண்டர்கள்), இணையம், வாசலில் நிற்கும் கார்டு.

எங்கள் அளவுகோல் எளிது. தவறாகச் சொன்னால் அவர் பதில் சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டா? அவர் தரும் தாளில், இன்னொரு முகப்பில் கொடுத்துச் சரிபார்க்கக்கூடிய எண் ஏதாவது இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால், சொல்கிறவர் உறவினராகவே இருந்தாலும் அது வெறும் பேச்சு.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். மலேசியாவில் ஒரே பலகைக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஸ்ட்ராட்டா உரிமை கொண்ட தரை வீடுகள். 1985-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டம் 2007-இல் திருத்தப்பட்ட பிறகுதான் தரை வீடுகளுக்கும் இது முறையாகச் சாத்தியமானது. உள்ளே இருக்கும் சாலை, பூங்கா, வேலி எல்லாம் வீட்டுக்காரர்களின் பொதுச் சொத்து. வெளியாளை உள்ளே விடாமல் இருக்க உரிமை உண்டு. கட்டணம் கட்டுவது சட்டக் கடமை. இன்னொன்று, தனிக் கிரான் (நிலப் பட்டா) உள்ள சாதாரண தாமான். அங்கே குடியிருப்பாளர் சங்கம் கூடி, பூம் கேட் (ஏற்றி இறக்கும் தடுப்புக் கம்பம்) போட்டு, கார்டு வைத்திருக்கும். சாலை அரசாங்கத்தினுடையது. யாரும் வரலாம், யாரையும் தடுக்க முடியாது. கட்டணம் மனமிருந்தால் கட்டுவது. கிராமப்புற, நகர்ப்புறத் திட்டமிடல் துறை 2010-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்த இரண்டையும் பிரித்தே பேசுகிறது: முதலாவது ‘கேட்டட் கம்யூனிட்டி’, இரண்டாவது ‘கார்டட் நெய்பர்ஹூட்’. தகவல் தருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “இது ஸ்ட்ராட்டாவா, தனிக் கிரானா?” இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறவரிடம் மற்ற எதையும் கேட்டுப் பயனில்லை.

விளம்பரத் தாளின் பின்பக்கம்

முன்பக்கத்தில் நீலவானமும் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளும் இருக்கும். அதற்கு ஐந்துக்கு பூஜ்யம். பின்பக்கத்தின் அடியில், மூக்குக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். அதற்கு ஐந்துக்கு நான்கு தருகிறோம். 1989-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டு விதிமுறைகளின்படி கட்டாயமாக அச்சிட வேண்டிய பத்தி அது. மேம்பாட்டாளர் உரிம எண், விளம்பரம் மற்றும் விற்பனை அனுமதி எண், இரண்டுக்கும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும், நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் முடியும் தேதி, நிலத்தின் மீது உள்ள அடமானம், கட்டுப்பாடுகள், கட்டி முடிக்கும் எதிர்பார்ப்புத் தேதி, வீடுகளின் எண்ணிக்கை, குறைந்த விலையும் அதிக விலையும், கட்டட வரைபடத்தை அங்கீகரித்த ஊராட்சி மன்றத்தின் பெயரும் அங்கீகார எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

படிக்கும்போது கண் தேடவேண்டியது தேதிகளை. அனுமதி முடிந்துபோன பழைய தாளை விற்பனைச் சாவடியில் இன்னும் நீட்டிக்கொண்டிருப்பார்கள். ‘அடமானம்’ என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம், திட்டங்களில் அது சகஜம். ஆனால் உங்கள் வீட்டின் மேல் அந்த வங்கி உரிமை கோராது என்ற உறுதிக்கடிதத்தை வழக்கறிஞர் கேட்டு வாங்க வேண்டும். ‘கட்டுப்பாடுகள்’ என்ற இடத்தில், மாநில ஆட்சியின் ஒப்புதல் இல்லாமல் மாற்றவோ அடகு வைக்கவோ கூடாது என்று இருந்தால், பின்னால் விற்கும்போது மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும் என்று இப்போதே மனத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதே தாளில் “ஈப்போவுக்கு 20 நிமிடம்” என்றோ, “வாடகை வருமானம் இத்தனை விழுக்காடு” என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள். பிரபலமான இடங்களுக்குப் பயண நேரம் போடுவது, எதிர்கால லாபமும் வாடகையும் கணித்துக் காட்டுவது, வழக்கறிஞர் கட்டணம் இலவசம் என்பது, இவை மூன்றையுமே அந்த விதிமுறைகள் விளம்பரத்தில் தடை செய்கின்றன. அவை இருந்தால், விதியை ஒரு பக்கம் மீறியவர் மறுபக்கத்தை எப்படி எழுதியிருப்பார் என்று யோசியுங்கள். பின்பக்கப் பத்தியே இல்லாத தாள் என்றால், பெரும்பாலும் அது விற்பனையாளர் தன் கைப்பேசியில் தயாரித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய படம். அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண்களைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய வீடமைப்புத் துறையின் தெடு இணையத்தளத்தில் திட்டத்தின் பெயரையோ மேம்பாட்டாளர் பெயரையோ தட்டுங்கள். இலவசம், ஐந்து நிமிட வேலை. உரிமம் உண்மையா, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கே தெரியும். ‘லெவாட்’ என்றால் அட்டவணையிலிருந்து 10 முதல் 30 விழுக்காடு வரை வேலை பின்தங்கியிருக்கிறது. ‘சாக்கிட்’ என்றால் அதற்கும் மேல், அல்லது ஒப்பந்தக் காலமே தாண்டிவிட்டது. அதே மேம்பாட்டாளரின் மற்றத் திட்டங்களையும் தேடிப் பாருங்கள். ஒரு திட்டம் பின்தங்க மழையோ ஆள்பற்றாக்குறையோ காரணமாக இருக்கலாம். மூன்று திட்டங்கள் பின்தங்கினால் காரணம் வேறு. எங்கள் மதிப்பு: ஐந்துக்கு நாலரை. அரைப் புள்ளியைக் குறைத்தது, மேம்பாட்டாளர் தரும் அறிக்கையைச் சார்ந்தே அந்தத் தகவல் நகர்கிறது என்பதால்.

விற்பனையாளர்

சொத்து முகவரிடம் வேலை செய்யும் பேச்சுவார்த்தையாளர் கழுத்தில் ஆர்.இ.என் (பேச்சுவார்த்தையாளர் பதிவு) எண்ணுள்ள அட்டை இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர், முகவர் வாரியத்தின் பதிவேட்டில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். மேம்பாட்டாளரின் சொந்த ஊழியர் என்றால் அந்த எண் இருக்காது, அது தவறில்லை. இருவரிடமும் ஒரே சோதனைதான்: “இதை எழுதிக் கொடுங்கள்.” நீச்சல் குளம், 24 மணி நேரக் கார்டு, சுற்றிலும் ஒன்பது அடிச் சுவர் என்று வாயால் சொன்ன எதுவும் ஒப்பந்தத்தின் அட்டவணையில் இல்லையென்றால் அது கிடைக்காது.

‘புக்கிங்’ என்று 500 வெள்ளியோ 1,000 வெள்ளியோ கேட்கிறார்களா? வீடமைப்பு விதிமுறைகளின்படி, ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக்கூடாது. முதல் 10 விழுக்காடு கையெழுத்தோடுதான். கேட்கிறவரைப் பற்றி இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தின் வகையும் ஒரு சாட்சி. தனிக் கிரான் என்றால் விதிமுறைகளில் உள்ள அட்டவணை ஜி என்ற படிவம், வீட்டை 24 மாதத்தில் ஒப்படைக்க வேண்டும். ஸ்ட்ராட்டா என்றால் அட்டவணை எச், 36 மாதம். வாயில் ‘கேட்டட்’, கையில் அட்டவணை ஜி என்றால், வேலி போட்ட தனியார் தாமான் என்று அவர் சொன்னது சட்டப்படி நிற்காது. ஒப்பந்தத்தின் தலைப்பைப் படித்தாலே இது தெரிந்துவிடும். இத்தனை எளிதான சோதனையைப் பலர் செய்யாமல் விடுவதுதான் மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நிலப் பதிவேடு: எந்த முகப்பு?

எல்லா ஆதாரங்களிலும் நாங்கள் முழுப் புள்ளி தருவது இதற்கு மட்டும். கிரான் எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டித் தேடல் செய்யலாம். தனிப்பட்ட தேடல் போதும்; நீதிமன்றத்துக்கோ வங்கிக்கோ என்றால் அதிகாரப்பூர்வத் தேடல்.

இங்கே பலர் ஒரு நாளை வீணாக்குகிறார்கள். கிரான் எண்ணின் முன்னெழுத்தைப் பாருங்கள். ஜி.எம், பி.எம், எச்.எஸ்.எம் என்றால் மாவட்ட நில அலுவலகப் பதிவு. சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சார். முன்னால் வெறுமனே ‘கிரான்’ என்றோ, பி.என், எச்.எஸ்.டி என்றோ இருந்தால் மாநில நிலப் பதிவகம், அதாவது ஈப்போ. ஸ்ட்ராட்டா உரிமையும் ஈப்போவில்தான். தவறான முகப்பில் வரிசையில் நின்று, “பதிவு இல்லை” என்ற பதிலைக் கேட்டு, நிலமே போலி என்று முடிவு கட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு.

கைக்கு வரும் தாளில் நான்கு வரிகள் முக்கியம். நிலப் பயன்பாட்டு வகை ‘பங்குனான்’ என்று இருக்க வேண்டும். ‘பெர்தானியான்’ என்றால் அது இன்னும் விவசாய நிலம். அடுத்தது வெளிப்படை நிபந்தனை, அதாவது ‘ஷாராட் ஞாத்தா’. அடுத்தது கட்டுப்பாடு, ‘செகாத்தான் கெபெந்திங்கான்’. கடைசியாக உரிமையாளர் பெயரும் பங்கும்.

தோட்ட ஊர்க்காரர்கள் கடைசி வரியில் கண்ணை நன்றாக ஊன்ற வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் 1/40, 1/60 என்று பின்னம் இருந்தால் உங்களுக்கு விற்பது வீட்டுமனை இல்லை, பிரிக்கப்படாத நிலத்தில் ஒரு பங்கு. தரையில் கல் நட்டு, கயிறு கட்டி, வாசலில் வளைவும் வைத்து ‘பங்களா லாட், கேட்டட்’ என்று விற்பார்கள். பதிவேட்டில் உங்கள் மனை எங்கே என்று எவராலும் காட்ட முடியாது. வங்கிக் கடன் கிடைப்பது கடினம். பங்காளிகளில் ஒருவர் இறந்து வாரிசுச் சிக்கல் வந்தால் பிரிப்பதும் இழுத்துக்கொண்டே போகும். மேலும், தொடர்ச்சியாக 40 ஹெக்டேருக்குக் குறையாத விவசாய நிலம் ‘தோட்ட நிலம்’ ஆகும். தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 214ஏ பிரிவின்படி, தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் அதை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு மாற்ற முடியாது. ஐம்பது, அறுபதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம்மவர்கள் வேலையும் லயமும் இழந்த காலத்தின் பாடம் அந்தப் பிரிவுக்குப் பின்னால் இருக்கிறது. விற்பவரிடம் அந்த ஒப்புதலைக் கேட்பது நம் உரிமை.

இன்னொன்று, வீடு வாங்காதவர்களையும் தொடுவது. பழைய தோட்டத்துக் கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் போகும் பாதை புதிய வேலிக்குள் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? “பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறோம், யாரும் மூட முடியாது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் வரலாறு உண்மையாக இருக்கலாம், சட்டம் அப்படி இல்லை. எத்தனை வருடம் நடந்தாலும், நடந்ததால் மட்டும் இந்த நாட்டில் வழி உரிமை வந்துவிடாது. அங்கீகரிக்கப்பட்ட மனை வரைபடத்தில் அந்தப் பாதை சாலை ஒதுக்கீடாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும், அல்லது நில நிர்வாகி அளித்த வழி உரிமை பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். கோயில் நிர்வாகம் வரைபடத்தைப் பார்க்க வேண்டிய நேரம், திட்டம் விண்ணப்ப நிலையில் இருக்கும்போது. வேலி எழும்பிய பிறகு கூட்டம் போட்டு மாற்றுவது மிகக் கடினம்.

நகராண்மைக் கழகம்

தனிக் கிரான் தாமானில் பூம் கேட் இருந்தால், கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் அனுமதிக் கடிதம் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். நகலைக் கேளுங்கள், தேதியையும் நிபந்தனைகளையும் படியுங்கள். “கேட்டே சட்டவிரோதம்” என்று ஒரு கூட்டமும், “கட்டாதவரை உள்ளே விடாமல் தடுக்கலாம்” என்று இன்னொரு கூட்டமும் சொல்லும். இரண்டுமே அரைகுறை. கோத்தா டாமன்சாராவின் டிவில்லா இக்குவெஸ்திரியன் வழக்கில், 2015-இல், கூட்டரசு நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஊராட்சி மன்றத்தின் அனுமதியோடு வைத்த காவல் சாவடியும் பூம் கேட்டும் சாலைத் தடங்கல் ஆகாது, கட்டணம் கட்டாத குடியிருப்பாளர் தானே தடுப்பை உயர்த்திப் போக வேண்டி வருவது அசௌகரியம்தான், பாதை மறுப்பு ஆகாது. தீர்ப்பின் முதல் பாதியை மட்டும் சொல்கிறவரையும், இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிறவரையும் ஒரே தட்டில் வையுங்கள்.

கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பாதுகாப்பு பற்றிய எந்தத் தகவலையும் சோதிக்க ஒரு பென்சில் போதும். ஒரு காவல் இடத்தில் 24 மணி நேரம் ஆள் நிற்க, 30 நாள் மாதத்தில் 720 மணி நேரம். சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம் என்றால், ஒருவருக்கு மாதம் சுமார் 195 மணி. ஆக ஒரு இடத்துக்கு ஏறக்குறைய 3.7 ஆள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அடிப்படைச் சம்பளம் மட்டுமே 6,270 வெள்ளியைத் தொடுகிறது. வாசலில் ஒருவர், சுற்றி வர ஒருவர் என்றால் 12,500 வெள்ளிக்கு மேல். மிகைநேரம், சேமநிதி, சொக்சோ, நிறுவனத்தின் பங்கு எதுவும் இதில் சேரவில்லை.

120 வீடுகள் உள்ள தாமானில் எல்லாரும் கட்டினாலும், சம்பளத்துக்கு மட்டும் வீட்டுக்கு 104 வெள்ளிக்கு மேல் வர வேண்டும். “மாதம் 60 வெள்ளி, எப்போதும் இரண்டு கார்டு” என்று ஒருவர் சொன்னால், 120 வீட்டிலிருந்து வருவது 7,200 வெள்ளி. அறுபது விழுக்காட்டினர் மட்டும் கட்டினால் 4,320. இரவில் ஒரே ஆள் 12 மணி நேரம் நிற்கிறார், அல்லது ஆளே இல்லை, அல்லது உரிமம் இல்லாத ஆள் நிற்கிறார் என்பதைத் தவிர இந்தக் கணக்குக்கு வேறு விடை இல்லை. காவல் நிறுவனத்துக்கு 1971-ஆம் ஆண்டு தனியார் முகமைகள் சட்டப்படி உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். உரிமத்தின் நகல் சங்கத்திடம் இருக்க வேண்டும்.

ஸ்ட்ராட்டா வீட்டை மறுவிற்பனையில் வாங்குகிறவர்கள் கட்டணத்தைப் பற்றி விற்பவரிடம் கேட்பதை விட, வீட்டுக்காரர்களின் நிர்வாகக் கழகத்தின் கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கைக் கேளுங்கள். 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் தீபகற்பத்தில் 2015 ஜூனில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஆண்டுக்கூட்டத்தில் அதை வைத்தாக வேண்டும். பார்க்க வேண்டியவை இரண்டு. நிலுவைத் தொகை: ஒரு வருடக் கட்டண வசூலில் கால்வாசிக்கு மேல் நிலுவை என்றால் கார்டு நிறுவனம் மாறிக்கொண்டே இருக்கும், விளக்கு எரியாது. அடுத்து, சேமிப்பு நிதி தனிக் கணக்கில் இருக்கிறதா. மேம்பாட்டாளர் காலத்திலும், மேம்பாட்டாளரும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டு நிர்வாகக் காலத்திலும் அது கட்டணத்தின் 10 விழுக்காடு. சாலை தனியார் சொத்து என்பதால் குழி விழுந்தால் தார் போட நகராண்மைக் கழகம் வராது. அந்தப் பணம் இந்த நிதியிலிருந்துதான் வர வேண்டும். விற்பவருக்குப் பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் நிர்வாகத்திடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள்.

இணையம், புலனம், வாசல்

சொத்து விளம்பரத் தளங்களில் காணும் விலை கேட்கும் விலை மட்டுமே. உண்மையில் கைமாறிய விலைக்கு, மதிப்பீட்டுத் துறையின் கீழுள்ள தேசியச் சொத்துத் தகவல் மையம், அதாவது நாப்பிக், தரும் பரிவர்த்தனைத் தரவைப் பாருங்கள். தளங்களுக்கு இரண்டு, நாப்பிக்குக்கு நான்கு.

“எங்கள் தாமானில் குற்றமே இல்லை” என்பதற்கு ஒன்று. வெளியிடப்படும் குற்றப் புள்ளிவிவரம் காவல் மாவட்ட அளவில் நின்றுவிடுகிறது; தாமான் வாரியாக யாரும் வெளியிடுவதில்லை. ஆகவே அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டால் பதில் வராது.

புலனக் குழுக்களை ஒதுக்கிவிடாதீர்கள். தண்ணீர் அழுத்தம் குறைவு, சாக்கடை ஏறுகிறது, கேமரா ஆறு மாதமாக ஓடவில்லை என்ற தகவல் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் குழுவை நடத்துகிறவர் யார் என்று பாருங்கள். சங்கத் தலைவரோ வீட்டு முகவரோ நடத்தினால் புகார்கள் அழிக்கப்பட்டிருக்கும். படமும் தேதியும் உள்ள புகாரை நம்பலாம். “எல்லாரும் சொல்றாங்க” என்று தொடங்கும் புகாரை ஓரமாக வையுங்கள்.

கடைசியாக, வாசல். பகலில் ஒருமுறை, விடியற்காலை மூன்று மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கார்டிடம் “பாதுகாப்பு எப்படி?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் சொல்வார், அவர் வேலை அது. அதற்குப் பதில், “அண்ணே, இன்னைக்கு எத்தனை மணிக்கு ஷிப்ட் ஏறினீங்க, மாத்த ஆள் எப்ப வருவாங்க?” என்று கேளுங்கள். காலை ஏழிலிருந்து மறுநாள் ஏழு வரை என்றால், மேலே போட்ட கணக்கு சரிதான் என்று தெரிந்துவிடும். வருகையாளர் பதிவேட்டைக் கண்ணால் பாருங்கள்: நேற்றைய பக்கத்தில் வெளியேறிய நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தால், உள்ளே வந்தவர் போனாரா என்று அங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தால் கொடுக்காதீர்கள். 1990-ஆம் ஆண்டு தேசியப் பதிவு விதிமுறைகளின்படி தனியார் காவலருக்கு அந்த அதிகாரம் இல்லை. கார் எண்ணையும் போகும் வீட்டு எண்ணையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், அது போதும்.